எதிரியின் வேட்புமனுவுக்கு வாதாடியவன்

என் பெயர் செந்தில்வேல். பிறந்தது சுரண்டை, இப்போது இருப்பது ஐந்தருவி போகும் சாலையில். இருபது வருடத்துக்கு மேல் வெளியூர்ச் சட்டக் கல்லூரி ஒன்றில் சாட்சியச் சட்டம் நடத்தினேன். கோர்ட்டில் ஒரு வழக்குக்கூட வாதாடியதில்லை. ஆசையாகத் தைத்த கறுப்புக் கவுனை என் மனைவி ஸ்ரீரஞ்சனி பாச்சா உருண்டை போட்டு பீரோவில் வைத்திருக்கிறாள். அதைவிடப் பத்திரமாக இருந்தது என் வாதத் திறமை ஒன்றுதான்.

இடதுசாரி ஆனது எப்படி என்று கேட்பவர்களிடம் பெரிய பெரிய புத்தகங்களின் பெயரைச் சொல்லி வைப்பேன். நடந்தது வேறு. பீடித் தொழிலாளர் சங்கம் ஒட்டிய சுவரொட்டியில் சட்டப் பிரிவின் எண் தப்பாக இருந்தது. பொறுக்க முடியாமல் சங்க ஆபீஸுக்குப் போய்ச் சொன்னேன். "நல்லதாப் போச்சு சார், அடுத்ததை நீங்களே எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுதப் போனவன் கட்சி உறுப்பினரானேன். பிறகு கல்லூரி வேலையை விட்டு முழுநேர ஊழியனும் ஆனேன். தெருமுனைக் கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தால் ஒரு பீரியட் பேசுவேன். பெல் அடிக்க ஆளில்லாததால் சில நாள் இரண்டு பீரியட்டும் போகும். கடைசியில் நானும் மைக்செட்காரரும் மட்டும் நின்ற கூட்டங்கள் உண்டு.

இப்படிப்பட்டவனைக் கட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் நிறுத்தியது. என்னை முன்மொழிந்தவர் ஜாஹிரா பீவி. அருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர். கணவர் போன பிறகு அந்தச் சாலையோரக் கடையை வைத்துத்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். எதிரே நின்றது லாட்ஜ் முதலாளி குற்றாலீஸ்வரன் ஒருவர்தான். ஜெயித்தால் சாலையோரக் கடைகளை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் செய்வேன் என்பது அவருடைய வாக்குறுதி.

"சார், நீங்க மட்டும் உள்ள போயிட்டாப் போதும். என் கடை பொழச்சிக்கிடும்" என்றார் ஜாஹிரா பீவி.

வேட்புமனு பரிசீலனை நாள் வந்தது. எங்கள் கட்சி வக்கீல் முஃபீத் என் பழைய மாணவன். வெறும் தோழர் என்று கூப்பிட வாய் வராமல் 'தோழர் சார்' என்பான். அவன் ஓர் ஆட்சேபணை போட்டான். அருவியில் வண்டிக் கட்டணம் வசூலிக்கும் பேரூராட்சிக் குத்தகை குற்றாலீஸ்வரனின் தம்பி பெயரில் இருந்தாலும் உண்மையில் அண்ணனுடையதுதான், குத்தகைக்காரர் தேர்தலில் நிற்கக் கூடாது என்றான். ஊருக்கே தெரிந்த சங்கதி. குற்றாலீஸ்வரனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவருடைய வக்கீல் திருதிருவென்று முழித்தார். அந்த மனு தள்ளுபடியானால் நான் போட்டியில்லாமல் உறுப்பினர். வாசலில் நின்ற ஜாஹிரா பீவி உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

தேர்தல் அலுவலர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதியிருக்கலாம். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"புரபசர், நீங்க என்ன நெனைக்கிய? இது நிக்குமா?"

புரபசர்! கட்சிக்கு வந்த நாளிலிருந்து என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தோரணம் கட்டத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள், சட்டத்தில் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. முஃபீத் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் அதற்குள் எழுந்து நின்றிருந்தேன். கை தானாகச் சாக்பீஸைத் தேடியது.

"நிற்காது" என்று ஆரம்பித்தேன். குற்றம் சொல்கிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்றேன். ஊர்ப்பேச்சு சாட்சியமாகாது என்றேன். உதாரணத்துக்கு மேல் உதாரணம் கொடுத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் குறிப்பெடுத்துக்கொண்டதைப் பார்த்து, அவருக்காகக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகவும் சொன்னேன். முஃபீத் குறுக்கே வாயெடுத்தபோது, "உக்காருலே, முடிச்சிக்கிடுதேன்" என்றேன். குற்றாலீஸ்வரனின் மனு ஏற்கப்பட்டது.

வெளியே வந்ததும் குற்றாலீஸ்வரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எனக்கு நீங்கதான் வக்கீல்" என்றார்.

முஃபீத் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "தோழர் சார், பரீட்சையிலயும் இதே எடத்துலதான் எனக்கு மார்க்கைக் குறைச்சிய" என்றான்.

ஊர் என்னைக் கொண்டாடியது. எதிரிக்கும் நியாயம் பேசிய நேர்மையாளர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். வோட்டை மட்டும் குற்றாலீஸ்வரனுக்குப் போட்டார்கள். அந்தப் பொன்னாடை எனக்குக் கூசியது. அன்று எழுந்து நின்றது நேர்மை இல்லை, எனக்குள் இருந்த வாத்தியார். அந்த அலுவலர் 'ஏங்க' என்று கூப்பிட்டுக் கேட்டிருந்தால் கம்மென்று உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த சீசனுக்குச் சாரல் விழும் முன்பே கடைகளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நான் போனபோது ஜாஹிரா பீவி தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். தடையாணை வாங்கலாம், மேல்முறையீடு உண்டு என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களக் கொற சொல்லல சார். அன்னைக்கு வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டேன். எனக்கே வெளங்குத மாதிரி அவ்வளவு அழகாப் பேசினிய. இம்புட்டுப் பேசத் தெரிஞ்ச மனுசன், எனக்காக ஒரு தடவ பேசாம இருந்திருக்கக் கூடாதா?"