அப்பா பேசிய இடங்கள்

முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் வேலை இல்லாமல் இருந்த எனக்கு, வடக்கே ஓர் ஆய்வு மையத்திலிருந்து ஓராண்டு போஸ்ட் டாக் ஆய்வு வேலை கிடைத்தது. துறையின் பெயர் டிஜிட்டல் ஹியூமானிடீஸ். தமிழ் படித்தவர்கள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்யும் ஆராய்ச்சி என்று அப்பாவுக்குச் சொன்னேன். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற மனிதர். "அது முடிஞ்சா அப்பறம் இன்னாம்மா?" என்றார். நல்ல சேதி சொன்னால் ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுக்கத் தோன்றாதா இந்த மனிதருக்கு என்று எரிச்சலாக வந்தது. "வேற கெடைக்கும்பா" என்றேன்.

கல்வராயன் மலையில் விவசாயம் செய்பவர்கள் சாமை, கேழ்வரகு, மரவள்ளி பற்றிப் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். எந்தச் சொல்லைத் தட்டினாலும் அதைச் சொன்ன குரல் கேட்கும்படி ஓர் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதுதான் என் வேலை. பஸ்ஸை நம்பியிருந்தால் ஆராய்ச்சி அடுத்த ஜென்மத்தில்தான் முடியும். அப்பாதான் பைக்கில் மலைக்குக் கூட்டிப்போனார்.

கரியாலூரைத் தாண்டி ஏதாவது ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் மைக்கை நீட்டினால், எதிரில் இருப்பவர் வாயடைத்துப்போவார். படித்த பெண் ஏதோ பரீட்சை வைக்கிறாள் என்ற பயம். அப்பா பின்னாலிருந்து, "இந்த வருசம் காட்டுப்பன்னி ஜாஸ்திங்களா?" என்பார். அவ்வளவுதான், பேச்சு பிய்த்துக்கொண்டு போகும். நடுநடுவே அவருடைய இருமல், சிரிப்பு, கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத கதை.

"சும்மா இருப்பா, எல்லாம் பதிவாவுது" என்று அதட்டுவேன்.

"நான் இன்னா பேசிட்டேன்? பன்னியத்தான கேட்டேன்" என்பார்.

மையத்தின் விதி கறாரானது. தகவல் சொல்பவரின் குரலைத் தவிர வேறு குரல் இருக்கக்கூடாது. அதற்கென்று ஒரு மென்பொருள் தந்திருந்தார்கள். வேண்டாத குரல் எது என்று ஒருமுறை காட்டிக்கொடுத்தால், எல்லாப் பதிவுகளிலும் அதைத் தேடி அடக்கிவிடும். என் குரலையும் அப்பாவின் குரலையும் காட்டினேன். பதிவின் நீளம் மாறக்கூடாது என்பதால், நாங்கள் பேசிய இடங்களில் அதே அளவுக்கு மௌனம் விழுந்தது. பயிர்ப் பெயர்கள் வரும் பகுதிகளை மட்டும் கேட்டுச் சரிபார்த்து ஏற்றினேன். பாராட்டினார்கள். வேலை நீட்டிப்பு மட்டும் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அடுத்த போஸ்ட் டாக்குக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் சமயம். அப்பா வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அம்மா கேட்டாள். "அந்த மைக்குல அவரு பேசினது எதுனா இருக்குதா? ஒரு தபா கேக்கணும்."

அப்பா வைத்திருந்தது பட்டன் போன். எங்களிடம் போட்டோ உண்டு, குரல் கிடையாது. மூலப் பதிவுகள் இருந்த ஹார்டு டிஸ்க்கை மையத்திடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். போன் போட்டுக் கேட்டேன். இடம் போதாததால், தளத்தில் ஏற்றி முடித்ததும் மூலங்களை அழித்துவிடுவது வழக்கம் என்று என் இடத்துக்கு வந்திருந்த ஆய்வாளர் வருத்தத்தோடு சொன்னார். எதுவும் அழிந்துவிடக் கூடாது என்று சொல்லி நிதி வாங்கி நடத்துகிற மையம் அது. போனை விட்டெறியலாம் போல ஆத்திரம் வந்தது.

அம்மாவிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தளத்தைத் திறந்து ஒரு பதிவை ஓடவிட்டேன்.

"ஆமாங்க, ஜாஸ்திதான்" என்றார் மலைக்காரர் ஒருவர். மௌனம். "வேலி போட்டாலும் நிக்கலீங்க." மௌனம். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாராண்ட பேசறாரு?" என்றாள் அம்மா.

"அப்பாகிட்ட."

அதற்குப் பிறகு அவள் கேட்ட விதமே மாறிவிட்டது. ஒவ்வொரு மௌனத்திலும், "இப்ப ஆளு வரலன்னு பொலம்பி இருப்பாரு", "இப்ப டீ கேட்டிருப்பாரு" என்று தானே நிரப்பினாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போன பிறகு அன்றுதான் சிரித்தோம்.

அடுத்து ஓடியது ஒரு பெண்மணி மரவள்ளி பற்றிப் பேசிய பதிவு. பாதியில் மையத்திலிருந்து எனக்குப் போன் வந்ததும், சிக்னல் தேடி நான் மேட்டுக்கு ஓடியதும் நினைவுக்கு வந்தன. நீட்டிப்பு இல்லை என்று சொல்லத்தான் அந்தப் போன். மைக் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பயிர்ப் பெயர் எதுவும் வராத பகுதி என்பதால் நான் அதைக் கேட்டதே இல்லை.

"படிச்ச பொண்ணுதானங்க, வேல கெடைக்காம போவுமா?" என்றாள் அந்தப் பெண்மணி. நீண்ட மௌனம். "ஐய, இன்னாத்துக்குங்க அழுவறீங்க?" அதைவிட நீண்ட மௌனம். "பொண்ணு வந்துக்கினு கீது. கண்ணத் தொடச்சிக்குங்க."

அந்த மௌனங்களை அம்மா நிரப்பவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டிலிருந்து இறங்கி வந்து நான் பேசிய இடமும் வந்தது. அங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை.

"நீ வந்து அவராண்ட இன்னா சொன்ன?" என்றாள் அம்மா.

"வேற கெடைக்கும்னு சொன்னேம்மா" என்றேன்.