குலுங்கினால் பிழைக்கும் மீன்

மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டியவர்களுக்குத் தெரியும், வாயில்லாத லோடு கிடைப்பது ஒரு கொடுப்பினை. ஐம்பதுகளில் போடிக்கும் போடிமெட்டுக்கு மேலே இருந்த எஸ்டேட்டுகளுக்கும் இடையே நான் ஏற்றாத சரக்கில்லை. ஏலக்காய் மூட்டை ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஏறி உட்கார்ந்த மனிதர்கள்தான் சொன்னார்கள்.

விரல் நீள மீன்

ஒரு எஸ்டேட் ஏரியில் விரல் நீளத்தில், சிவந்த வாலோடு ஒரு மீன் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடையாதாம். மானேஜர் சாப்பாட்டுக்கென்று கொண்டுவந்து விட்ட பெரிய மீன்கள் அதைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. மிச்சத்தைப் போடியில் தொட்டி கட்டிக் காப்பாற்ற, மீன் படிப்புப் படித்த ஒரு அய்யா என் ஜீப்பை அமர்த்தினார். கூலிக்காரர் குடியிருப்பான லயத்துப் பெண்களும் போடிச் சந்தைக்குத் தொற்றிக்கொண்டார்கள். அவர்களில் ராக்கம்மா என்பவள் மீனைப் பிடித்து விட்டிருந்த தண்ணீர்த் தகரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு வாய்ச் சோத்துக்குத் தொட்டுக்கக் காணாது, இதுக்கு ஒரு ஜீப்பாண்ணே?"

பள்ளம் தேடி

கொண்டை ஊசி வளைவுகளில் பூப்போல ஓட்டினேன். அய்யா பதறினார். தண்ணீர் அலம்பினால்தான் மீனுக்குக் காற்றுக் கிடைக்குமாம். பள்ளத்துக்குப் பயந்தே பிழைப்பு நடத்திய நான், அன்று ரோட்டில் பள்ளமாகத் தேடி வண்டியை இறக்கினேன். பெண்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தார்கள். ராக்கம்மா கத்தினாள்:

"மீனு பொழைச்சுக்கிரும்ணே, எங்க இடுப்பு பொழைக்குமா?"

அடிவாரத்து வெயில்

கீழே பாதை சமமானது, வெயிலும் ஏறியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று மல்லாந்தது. தகரத்தின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திய அய்யாவின் கண் கலங்கியது. ராக்கம்மா சந்தையை மறந்து தகரத்துக்குள் கையை விட்டு அலம்பினாள்.

"வண்டியத் திருப்புங்கண்ணே, வெரசா! போடித் தொட்டியும் இந்த வெக்கையிலதான கெடக்கு? எங்க லயத்துக்கு மேல குளுந்த ஊத்துக் குட்டை இருக்கு. குடிக்கிற தண்ணியில எவனும் தூண்டி போட மாட்டான்."

மறுபடி மலைக்கு

அய்யா தலையசைத்தார், திருப்பினேன். ஒரு பள்ளத்தையும் விடவில்லை. சந்தை போச்சே என்று ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. செத்தது போக மிச்சத்தைக் குட்டையில் விட்டோம்.

அடுத்த மழைக்குப் பிறகு ஏரியில் அந்த மீன் யார் கண்ணிலும் படவில்லை. லோடு ஏற்றப் போன இடத்தில் ராக்கம்மாவிடம் பயந்துகொண்டேதான் குட்டையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தாள்.

"கொடத்த முக்குனா குஞ்சு குஞ்சா வந்து விழுகுதுண்ணே. அதுகளத் திரும்ப விட்டுட்டுல்ல தண்ணி மோக்குறோம்!"

ஏற்றிய மலைக்கே திரும்பக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட லோடு அது ஒன்றுதான்.