குதிரைக்கு வாங்கிய வளைந்த வார்

கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிப்போகும் எங்கள் செவலைக் குதிரைக்கு முன்னங்கால் கக்கத்தில் புண். ஓய்வு கொடுத்தால் ஆறும். சேணம் போட்டால் மறுபடி வரும். குதிரையில் பாதி அண்ணனுடையது.

"ஏலே, எத்தன தடவ ஆத்துவ? மாசக் கடைசில யாவாரி வண்டியோட வாரான். குடுத்துருவோம்" என்றார்.

எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. தலையாட்டிவிட்டேன்.

நாங்கள் குதிரையைக் கடலில் குளிப்பாட்டி ஈரத்தோடே சேணம் போடுவோம். அன்று சேணத்தை இறக்கியபோது விலாவெல்லாம் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார் உரசிய இடத்தில் மட்டும் உப்பு இல்லை. அந்தத் தடம் கக்கம் வரை போயிருந்தது. கக்கத்துக்கு நாலு விரல் பின்னால் தள்ளி நான் கட்டிய வார், நடக்க நடக்க முன்னால் நகர்ந்திருக்கிறது. இது தெரியாமல் நான் ஒவ்வொரு நாளும் இன்னும் இறுக்கியிருக்கிறேன்.

கோயம்புத்தூர் சேணக் கடைக்குப் போன் பேசக் கூச்சம். தடத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேரான வார் இதற்கு ஆகாது, நடுவில் ஒரு பக்கமாகத் துருத்தி, இரண்டு கக்கத்துக்கும் இடம்விட்டு வளைத்து வெட்டிய வார் வேண்டும் என்று பதில் வந்தது. பழைய வாரின் நீளத்தை அளந்து அனுப்பினேன்.

புது வார் வருவதற்குள் புண் ஆறிவிட்டது. துருத்திய பக்கம் வயிற்றுக்குத்தானே என்று அதைப் பின்னால் பார்க்கப் போட்டேன். பத்தடியில் குதிரை காதை மடக்கி நின்றுவிட்டது.

பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "கால் வீசுத பக்கம்லா வெட்டு இருக்கணும். சட்டையவும் இப்படித்தான் போடுவியளோ?" என்றாள்.

நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவித் துடைத்துவிட்டு, வாரைத் திருப்பிப் போட்டேன். இரண்டு பக்கமும் சமமாக, ஒவ்வொரு துளையாக இறுக்கினேன். முன்னங்கால்களைத் தூக்கி முன்னால் இழுத்து, வாருக்கு அடியில் சிக்கிய தோலை நீவிவிட்டேன். உள்ளே விரல் நுழைந்தது. குதிரை நடந்தது.

மாசக் கடைசியில் வியாபாரியின் வண்டி வந்து நின்றது. அதற்குள் பதினைந்து நாள் சேணம் போட்டாகிவிட்டது. ஏறி, துறைமுகச் சாலை வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். அண்ணன் கக்கத்தில் கைவிட்டுத் தடவினார். குதிரையின் காது மடங்கவில்லை.

"எங்கனலே புண்ணு?"

"இல்லண்ணே. குதிர எங்கயும் போவாது."

நான் அவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. வியாபாரிக்கும் கேட்டுவிட்டது. வண்டி காலியாகத் திரும்பியது. நான் இன்னொரு தடவை துறைமுகச் சாலை வரை போய்வந்தேன்.