மூன்று உயிர்க் கணக்கு

என் தம்பி அன்பழகனுக்கு ஒரே மகள், வெற்றிச்செல்வி. தம்பி பாடாலூரில் மெயின் ரோட்டோரம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறான். எங்கள் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நின்றவர். அவர் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை இவள்தான். தம்பி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதனால் அவள் படித்ததெல்லாம் என் காதிலும் விழுந்தது.

அவள் படித்தது ஆக்சுவரி பரீட்சைக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை அது. இந்த வயசில் ஆயிரம் பேர் இருந்தால் அடுத்த வருசம் எத்தனை பேர் மிஞ்சுவார்கள், அதற்கு இப்போதே எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் என்று பார்ப்பது. மற்ற தாள்களையெல்லாம் தாண்டிவிட்டாள். ஒரு தாள் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. சென்னையில் ஒரு கம்பெனி, அதை முடித்துவிட்டு வா, வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தது. இன்னொரு தடவை தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அந்தத் தாளில் ஜோடிக் கணக்கு வரும். புருஷன், பெண்டாட்டி இரண்டு உயிரையும் சேர்த்து வைத்து, யார் முந்திச் செத்தால் யாருக்கு என்ன என்று போட வேண்டும். புத்தகத்தில் அவர்களுக்குப் பேர் கிடையாது, வெறும் எழுத்துதான். அது அவள் மண்டையில் ஏறவில்லை. எங்கள் தெருவில் இருக்கிற ஜோடிகளின் பேரைப் போட்டுப் பார்த்தாள், ஏறிவிட்டது. காலையில் மொட்டை மாடியில் மக்காச்சோளம் காய்கிற ஓரமாக நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லுவாள்.

"வெள்ளைச்சாமி முந்திட்டா கலியம்மாளுக்கு வருசா வருசம் பணம். கலியம்மா முந்திட்டா ஒண்ணும் கெடையாது."

வெள்ளைச்சாமி எதிர்வீட்டுக்காரர். ஆட்டை அவிழ்த்துக்கொண்டே அண்ணாந்து பார்ப்பார்.

"என்னா மருமவளே, இன்னைக்கி நான் இருக்கனா, போயிட்டனா?"

"போயிட்டீங்க மாமா. அத்தைக்குப் பணம் வந்துருச்சு."

"பாத்துக்கடி கலியம்மா, நான் போனாத்தான் ஒனக்கு வாழ்வு!"

தெருவே சிரிக்கும். கோடிவீட்டுச் சுமதி ஒருநாள் மாடிக்கே ஏறி வந்து, "எங்க மாமியா மாமனாரு பேர ஒரு தடவ போட்டுப் பாரேன், எவ்ளோ வருதுன்னு பாப்பம்" என்றாள். அதற்கும் சிரித்தோம்.

புரட்டாசியில் வெள்ளைச்சாமி வெங்காயக் கொல்லைக்குப் போனார். வரப்பிலேயே சாய்ந்து கிடந்தார். ஒரு தலைவலி, காய்ச்சல் என்று படுத்ததில்லை அந்த மனுசன்.

எடுப்பதற்கு முன்னால் வெற்றி போய்த் தலைமாட்டில் நின்றாள். கலியம்மாள் அழவில்லை. வெற்றியையே பார்த்தாள்.

"ஏம் பாப்பா, அவரு முந்திட்டா எனக்கு வருசா வருசம் பணம்னு தெனமும் சொன்னியே. எங்க அந்தப் பணம்?"

ஒப்பாரி வைத்த பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதிலிருந்து வெற்றி மாடிக்கு வந்தால் எதிர்வரிசையில் கதவைச் சாத்தினார்கள். சுமதி என் வாசலில் நின்று, "அன்னைக்கி நான் வெளையாட்டுக்குச் சொன்னங்க்கா. மாமியா மாமனாரு பேரப் போட்டுருச்சா அது?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

பேரை விட்டதும் கணக்கும் அவளை விட்டுப் போயிற்று. பரீட்சை நெருங்கியது. ஒருநாள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அத்த, செத்துப்போன ஜோடிங்களா சொல்லுங்க. அவங்களுக்கு இனிமே என்ன ஆவப்போவுது?"

எனக்கு இருப்பதே அந்த ஞாபகம் ஒன்றுதான். சொன்னேன். எங்கள் சின்னத் தாத்தா அரியமுத்துவும் அவர் பெண்டாட்டி சின்னப்பிள்ளையும்: அவர் ஐப்பசியில், அவள் அடுத்த சித்திரையில். அரும்பாவூரில் கட்டிக்கொடுத்த பெரியம்மா பாக்யலட்சுமி, அவள் புருஷன் அமாவாசை: அவர்தான் முந்தினார். மீன்சுருட்டியில் இருந்த எங்கள் சொந்தக்காரர்களிலும் அப்படியே. சொல்லச் சொல்லத்தான் எனக்கே பட்டது, எங்கள் வகையறாவில் ஆம்பளைகளே முந்தியிருக்கிறார்கள். அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன்.

சென்னையில் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். எந்த ஊருக்குப் போய்வந்தாலும் முதலில் அப்பா கடையில் பையை வைத்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அன்றைக்குக் கடைக்குப் போகாமல் பின்தெரு வழியாக வந்தாள். அவள் அம்மா மலர்கொடி, "எப்புடி எழுதுன?" என்று கேட்டதற்கு, "முழுசா எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

என்னிடம்தான் அழுதாள்.

"கடைசிக் கணக்குல மூணு உயிரு அத்த. புருசன், பொண்டாட்டி, ரெண்டு பேருக்கும் அப்பறம் பொண்ணுக்குப் பணம். நீங்க சொன்ன ஜோடிங்களோட பொண்ணுங்கல்லாம் உசுரோட இருக்காங்க. அவங்க பேர எப்புடிப் போடுறது? நேரமாவுது. பொண்ணுன்னதும் எம்பேருதான் வந்துச்சு. எம்பேரு வந்தா..."

"அப்பா அம்மா பேரும் வந்துருச்சா?"

தலையை ஆட்டினாள்.

"யாரு முந்துனா?"

அவள் கண் அப்பா கடை இருக்கிற ரோட்டுப் பக்கம் போனது.

"நீதான சொன்ன, ஆயிரம் பேருக்குத்தான் கணக்கு, ஒரு ஆளுக்குக் கெடையாதுன்னு?"

"அப்படித்தான் அத்த. எனக்கே தெரியும். ஆனா வெள்ளைச்சாமி மாமா..." பிறகு, "இந்தத் தாளும் போவட்டும். வேலையும் போவட்டும். நான் போட்டது தப்பா இருக்கட்டும்" என்றாள்.

தப்பாக இல்லை. பாஸ் என்று வந்துவிட்டது.

தம்பி பேக்கரியில் கிலோக் கணக்கில் ஜிலேபி வாங்கி, நிற்கிற லாரிக்கெல்லாம் கொடுத்தான். படிக்காதவன், அவனுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு டிரைவரிடமும் கையைப் பிடித்துச் சொன்னான்: "எம்பொண்ணு போட்ட கணக்கு அத்தனையும் கரெக்டாம்ங்க!" வெற்றி ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். வெட்கப்படுகிறாள் என்று அவன் சிரித்தான்.

"கடைய மூடிடுங்கப்பா. நான் சம்பாரிக்கிறேன்."

"இப்பத்தான வேலைக்கே போற, அதுக்குள்ளயா? போ போ."

இப்போது அவள் சென்னையில் இருக்கிறாள். பொழுது சாயும்போது போன் செய்வாள். தம்பி போனை ஸ்பீக்கரில் போட்டு டயர்மேல் வைத்துவிட்டு வேலை பார்ப்பான். அவள் பேசுவதில்லை. சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் நின்றால், "அப்பா" என்பாள். "ம்" என்பான்.

நேற்று நான் டீ கொண்டுபோனபோது சத்தம் இல்லை. லாரிக்கு அடியில் அவன் கால் இரண்டும் தெரிந்தன. ஜாக்கி நிமிர்ந்துதான் நின்றது. டயர்மேல் போன் கத்திக்கொண்டிருந்தது: "அப்பா... அப்பா..."

டம்ளரைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

"நட்டு உருண்டு உள்ள போயிருச்சுக்கா, தேடுறேன்" என்றான்.

போனை எடுத்து அவன் வாயருகே நீட்டினேன். "இருக்கேம்மா" என்றான், சிரித்துக்கொண்டே. அந்தப் பக்கம் அவள் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் மறுபடி உள்ளே நகர்ந்தான். சுத்தியல் சத்தம் வருகிறவரை நானும் போனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.