திருநீறு ஊதிய எஞ்சின்

இதை எழுதப் பல வருஷமாகத் தயங்கினேன். ஆறாம் வகுப்போடு நின்றவன், எழுத்து சரியாக வராது என்பது ஒரு சாக்கு. உண்மையில் வெட்கம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் பழைய காரில் இருந்தது, காற்றையும் பெட்ரோலையும் கலந்துவிடும் கார்புரேட்டர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வரும்போது, நெரிசலில் நின்றால் அணைந்துவிடும். சிக்னலில் முருகா, முருகா என்றபடி ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் கால் சும்மா இராது.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தமாக வொர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக், கார்புரேட்டரையே எடுத்துவிடலாம் என்றான். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் கார்களை ஹாஃப்-கட் என்பார்கள். அப்படி ஒன்றிலிருந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பம்ப், ஒரு கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் எடுத்து என் எஞ்சினில் பொருத்தினான். இந்த வேலையில் அவனுக்கு என் வண்டிதான் முதல். நன்றாக ஓடினால் தங்கள் வண்டிகளையும் தருவதாக, நான் போகும் கோயில் ஆட்கள் இருவர் சொல்லியிருந்தார்கள்.

காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே முடி போன்ற ஒரு கம்பியைக் காட்டினான்.

"இதுதாண்ணே மூக்கு. எவ்ளோ காத்து வருதுன்னு இது சொன்னாத்தான் பெட்டி பெட்ரோலை அளந்து விடும். இதை மட்டும் தொட்டுராதீங்க."

வெள்ளிக்கிழமை பூசை போட்டேன். டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்தாயிற்று. முன்பெல்லாம் கார்புரேட்டர் மூடிமேல் திருநீற்றுப் பட்டை போடுவேன். இந்த மூக்குக்கு எப்படிப் போடுவது? குழாயைக் கழற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளையின் முகத்தில் ஊதுவதுபோல, உள்ளங்கைத் திருநீற்றை உள்ளே ஊதினேன். தொடவில்லை.

ஞாயிறன்று கோயில் வாசலுக்கு முன்னால் வண்டி திணறி நின்றது. அந்த இருவரும்தான் வந்து தள்ளினார்கள். "கம்ப்யூட்டர் வண்டியையும் தள்ளத்தான் வேணும் போல லா," என்று ஒருவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. மெக்கானிக் ஓட்டைச் சாமானை மாட்டி ஏமாற்றிவிட்டான் என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். அவர்கள் அவனிடம் போகவே இல்லை.

மறுநாள் அவன் குழாயைக் கழற்றினான். கம்பி வெளுத்திருந்தது. விரலில் ஒட்டிய தூளை முகர்ந்தான். பிறகு என் நெற்றியைப் பார்த்தான்.

"அண்ணே, இதுல ஏதாச்சும் ஊதினீங்களா?"

"இல்லையே."

அவன் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டான். மருந்தடித்துச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தான். அதன்பின் அந்த வண்டி ஒருநாளும் நடுவழியில் நிற்கவில்லை.

அந்த இருவரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிறுதோறும் வாயெடுப்பேன். பேச்சு வேறெங்கோ போய்விடும். சாமி கும்பிடும்போதும் அந்த "இல்லையே" வந்து நிற்கும். மெக்கானிக் கடையை மூடிக்கொண்டு, தள்ளியிருக்கும் செமினி ஊருக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷத்தை ஓட்டினேன்.

போன மாதம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோயிலில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். இப்போது அது, திருநீறு கம்ப்யூட்டரை நிறுத்திய வேடிக்கைக் கதையாகச் சுற்றுகிறது. என் பொய் அதில் இல்லை.

ஆகவே, இதைப் படித்தவர்கள் பிறருக்குச் சொல்வதானால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். திருநீறு ஊதியதை வேண்டுமானால் மறந்துவிடுங்கள். நான் "இல்லையே" என்றதை மட்டும் விட்டுவிடாதீர்கள். செமினி வரைக்கும் அது போய்ச் சேர வேண்டும்.