ரபாயேலின் வண்டிக்கூலி

மாத்தளையில் பலீல் முதலாளியின் மிளகு, ஏலக்காய்க் கடையில் லோரன்ஸ் கணக்கப்பிள்ளையாக இருந்தார். லொறிக்கூலி, ரயில்கூலி, வண்டிக்கூலி என்று எந்த பில் வந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் அடியில் 'சரி பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஏற்றாத மூட்டைக்குக் கூலி கேட்கிறவர்களின் பாச்சா அவரிடம் பலித்ததில்லை. அதனால் அவரைப் பலருக்கும் பிடிக்காது. அவருக்கோ அதில்தான் பெருமை. வேறு பெருமை எதுவும் அவருக்கு வாய்க்கவுமில்லை.

அந்த வருட மாரியில், கடைக்குச் சரக்கு வரும் இரத்தோட்டைப் பாதையில் மண் சரிந்து ஒரு வாரம் வாகனமே ஓடவில்லை. மாதக் கடைசியில் ரவூபின் லொறி பில் வந்தது. பாதை மூடியிருந்த வாரத்துக்கும் நாலு ஓட்டம் போட்டிருந்தது. லொறி என்ன, மலைக்கு மேலே பறந்தா வந்தது? லோரன்ஸ் சிவப்புப் பென்சிலால் நாலையும் வட்டமிட்டு முதலாளி முன்னால் வைத்தார். ரவூப் முதலாளியின் மருமகன் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பிழை யார் செய்தாலும் பிழைதானே என்று நினைத்தார். தலை நரைத்த பிறகும் அப்படி நினைத்தாரே, அதை என்ன சொல்ல!

முதலாளி பில்லை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு விளங்காதா லோரன்ஸ்? அவன் லொறிக் கடன் கட்டணும். இதுல கைவச்சா என்ட மகள் றமீஸா பெட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பா. சைன் பண்ணி விடுங்க."

"சரிங்க முதலாளி."

"இன்னொன்னு. கொழும்புல நானா சத்தம் போடுறார். கடையில பாதி அவருக்குத்தானே. கூலிச் செலவு கூடிப்போச்சாம். எங்கயாச்சும் குறைச்சுக் காட்டுங்க. இல்லாட்டி வேற கணக்கப்பிள்ளை தேடச் சொல்றார்."

கொழும்பு அண்ணனுக்காக எங்கேயாவது குறைப்பதென்றால் எங்கே? ரயில்கூலி அரசாங்கத்துடையது. லொறியோ மருமகனுடையது. மிஞ்சியது, கடையிலிருந்து ஸ்டேசனுக்கு மூட்டை ஏற்றும் ரபாயேலின் மாட்டுவண்டி. ஒருநாளும் ஒரு சதம் பிசகாத பில் அது. ரபாயேலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பில்லை எழுதுவதும் லோரன்ஸ்தான், சரிபார்ப்பதும் லோரன்ஸ்தான்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலையை விட்டுப் போகிறவர்கள் கதைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் வாடகை கேட்க யாரும் வருவதில்லை. லோரன்ஸின் வீட்டுக்காரர் மாதம் பிறந்ததும் வாசலில் நிற்பார். மூன்று பிள்ளைகள் வேறு.

சனிக்கிழமை ரபாயேல் கூலிக்கு வந்தார். லோரன்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணே, இனிமே மூட்டைக்கு அஞ்சு சதம் கொறச்சுத்தான் தருவாங்க."

"நான் ஏதாச்சும் பிழை செஞ்சேனாங்க?"

"இல்ல."

"புண்ணாக்கு வெலயும் ஏறிப்போச்சு. மாட்டுக்கு..." ரபாயேல் பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரிங்க. நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதுங்க."

பெருவிரலை மையில் அழுத்திக்கொண்டு அவர் காத்து நின்றார். லோரன்ஸுக்கு அவமானம் தாங்கவில்லை. காலையில் ரவூபின் பில்லில் கையெழுத்துப் போட்ட அதே பேனாவை எடுத்தார். தொகையைக் குறைத்து எழுதினார். அடியில் 'சரி பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.