நேராக நின்ற மழை எண்கள்

வத்தலக்குண்டில் பேருந்துக்கு நின்றபோது அலுவலகத்துத் தங்கவேல் அண்ணன் போனில் அழைத்தார். "ஷாகிரா தவறிருச்சும்மா. காய்ச்சல்னுதான் படுத்துச்சு." மலைக்குப் போகும் வண்டி வந்தது. ஏறத் தோன்றாமல் நின்றேன்.

அட்டுவம்பட்டி அலுவலகத்தில் அவருடன் இருந்த உங்களுக்கு ஷாகிரா அக்காவைத் தெரியும். மலைக்கிராமங்களில் மறுநாள் காற்றும் மழையும் எப்படி இருக்கும் என்று காட்டும் புரோகிராமை நாங்கள் இருவரும் எழுதினோம். படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுவரைப் பார்த்தபடிதான் சாப்பிடுவேன். ஒருநாள் அக்கா தன் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னடி, சுவரு எதாச்சும் பதில் சொல்லுச்சா?"

ஊர்ப்பெயர்களைத் தமிழில் போட்டதும் அட்டவணை கலைந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘பே’யைக் கணினி இரண்டாக எண்ணியது. அதனால் பேத்துப்பாறையின் மழை எண் இடப்பக்கம் நகர்ந்து, காற்று என்ற தலைப்புக்குக் கீழே போய் நின்றது. மழையின் இடம் காலி. தங்கவேல் அண்ணன் அதைப் பார்த்து, மழை இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். களத்தில் காய்ந்த காப்பிக்கொட்டை நனைந்துபோனது.

"பேசாம இங்கிலீஷ்லயே போட்டுருங்கம்மா" என்றார் அவர்.

"ஏண்ணே, அவுக ஊருப் பேர அவுக பாசையில போட நமக்கு வலிக்குதா?" என்றார் அக்கா.

ஒவ்வொரு எழுத்தும் திரையில் பிடிக்கும் அகலத்தை அளந்து, மீதியை வெற்றிடத்தால் நிரப்பினோம். எண்கள் நேராக நின்றன. "எழுத்த எண்ணாத, எடத்த அள" என்பார் அக்கா.

பிறகு பேத்துப்பாறைக்கு அழைத்து, போனை என் கையில் கொடுத்தார். "தப்பு நம்மளது. நீயே பேசு." மறுமுனையில் "யாரு? யாருங்க?" என்றார்கள். போனை அக்காவிடமே நீட்டினேன். அவர் வாங்கிப் பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சரி விடு, நாளைக்குப் பேசு." அன்றிலிருந்து மறுநாள் மழையைச் சொல்ல தினமும் அவரே ஊருக்குப் பேசினார், தினமும் என்னிடம் அதையே சொன்னார்.

நேற்று அலுவலக அறையில் நான் மட்டும். பேத்துப்பாறைக்கு அழைத்தேன்.

"நாளைக்கு மழை இருக்குங்க. காப்பிய வெரசா அள்ளி வச்சிருங்க."

"ஷாகிரா புள்ள இல்லையாம்மா? அதுதான பேசும்?"

அக்கா தவறியதைச் சொன்னேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: சாயங்காலமானால் பேத்துப்பாறைக்கு நான் பேசுகிறேன்.